கம்பின் நடு

தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மூன்று காரியங்களுக்கும் ஒரே வினைச்சொல்லைத் தமிழ் வைத்துக்கொண்டிருப்பது சொற்பஞ்சத்தால் அல்ல. மத்தும் பழைய கடைசல் பட்டறையும் ஒரே சாதனத்தின் இரண்டு ரூபங்கள்தாம். கயிறு சுற்றிய ஒரு தண்டு. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் ஒரு பக்கம் சுழலும், மறுமுனையை இழுத்தால் மறுபக்கம். கயிற்றை ஒரு வில்லில் பூட்டி, தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் வில்லை ஓட்டி, மறுகையால் உளியைப் பிடித்து, உளியின் கழுத்தைக் கால் விரல்களால் அணைத்துக்கொண்டு கடைந்தவர்கள் இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அழகான கழுத்தைக் கடைந்தெடுத்த மாதிரி என்கிறோம். பிறகு அதே வாயால் கடைந்தெடுத்த அயோக்கியன் என்கிறோம். பாஷைக்கு இதில் முரண் ஒன்றும் தெரியவில்லை. வேண்டாதது எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதே இரண்டிலும் செய்தி.

பெரிய பானையில் கடையும்போது மத்தின் தண்டைத் தூணோடு ஒரு கயிற்று வளையத்தால் தளர்வாகப் பிணைத்துவிடுவார்கள். அந்த வளையம் தயிரைக் கடைவதில்லை. அதை யாரும் இழுப்பதும் இல்லை. தண்டு சுழலலாம், அலையக் கூடாது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். பாற்கடல் விஷயத்தில் கீழே ஆமையாகவும் மலையுச்சியிலும் பெருமாளே இருந்ததாகப் பாகவதம் சொல்கிறது. நடுவில் வளையம் போட்டதாகத் தகவல் இல்லை. மந்தர மலை தடிமனான ஐட்டம், தேவைப்பட்டிருக்காது.

இந்த இதழில் நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தது வேறு விஷயம். ஆனால் மூன்று மாதமாக மாலை நேரங்களில் நான் யோசித்துக்கொண்டிருந்ததெல்லாம் இந்த வளையத்தைப் பற்றித்தான். மரக் கடைசல் இயந்திரத்தில் இதற்கு ஸ்டெடி ரெஸ்ட் என்று பெயர். பட்டறையில் வெறும் 'ஸ்டெடி'. தமிழ்ச் சொல் ஒன்று செய்யலாம்தான். தாங்கி என்றால் பேரிங்கைக் குறித்துவிடும், நிலைதாங்கி என்றால் வாசற்கால் ஞாபகம் வரும். அகராதிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதை லுனெத் என்கிறார்கள். சின்ன நிலா. அதே சொல்லைப் பன்மையில் போட்டால் மூக்குக்கண்ணாடி.

வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி. அப்பாவுடையது. தேக்குச் சட்டம், கித்தான் துணி. துணியின் இரண்டு ஓரங்களிலும் மடித்துத் தைத்த பைக்குள் ஆளுக்கொரு கம்பு. மேல் கம்பு சட்டத்தின் மேல்முனையில், கீழ்க் கம்பு முன்னால். இருபத்திரண்டு அங்குல நீளம், ஒரு அங்குலத் தடிமன். உட்கார்ந்திருக்கும் மனிதனின் பாரம் முழுவதையும் துணி இந்த இரண்டு கம்புகளிடம்தான் ஒப்படைக்கிறது. மேல் கம்பு கொஞ்ச நாளாகவே வளைந்திருந்தது. ஒரு நாள் நீளவாக்கில் விரிசல் விட்டது. முறிந்து விழுந்திருந்தால் அவருக்கு எழுபது வயதில் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. கடைத்தெருவில் ரெடிமேடாகக் கிடைக்கும் கம்புகள் அறுத்த மரம். ரம்பத்துக்கு ரேகை தெரியாது. நேராக அறுத்துக்கொண்டு போகும், ரேகை பாதியில் வெளியே ஓடிவிடும். முறிவதென்றால் அந்த இடத்தில்தான் முறியும். ரேகையோடு பிளந்து எடுத்துக் கடைந்த கம்புதான் இந்த வேலைக்கு நிற்கும். என்னிடம் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம் இருக்கிறது. செகண்ட் ஹாண்டில் வாங்கியது, அரை ஹெச்.பி. மோட்டார், இரண்டு முனைகளுக்கு நடுவே இருபத்துநான்கு அங்குலம் கிடைக்கும். வங்கி கவுண்டரில் நாள் முழுவதும் பிறர் பணத்தைத் தொட்டுவிட்டு வருகிறவனுக்குச் சாயங்காலம் சொந்தமாக எதையாவது தொட வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் இதற்கு விளக்கம் கிடையாது.

மெல்லிசான கம்பைக் கடைவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: இரு முனைகளிலும் தாங்கிய ஒரு கம்பை நடுவில் அழுத்தினால் அது எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது, தடிமனின் நான்மடிக்குத் தலைகீழ். நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. தடிமன் பாதியானால் பதினாறு மடங்கு. தடிமனைப் போல் பத்துப் பன்னிரண்டு பங்கு நீளம் வரை கம்பு சொன்னபடி கேட்கும் என்பது கடைசல்காரர்கள் கணக்கு. என் கம்போ இருபத்திரண்டு பங்கு. அதைவிட மோசமான விஷயம், கடையக் கடைய நிலைமை மாறிக்கொண்டே போகிறது. ஒன்றரை அங்குலத்தில் ஆரம்பித்து ஒரு அங்குலத்துக்கு வருவதற்குள் அதே மரம் ஐந்து மடங்கு இளகிவிடுகிறது. நாம் சரியாகச் செய்த ஒவ்வொரு சீவலும் அடுத்த சீவலைக் கடினமாக்குகிறது. உளி அழுத்த, கம்பு பின்வாங்குகிறது, பிறகு திரும்பி வந்து உளியில் மோதுகிறது. நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றில் இது நடக்கும்போது கேட்கிற அலறல் தெருமுனை வரை போகும். மரத்தின்மேல் ஜவ்வுமிட்டாய்க் கம்பு மாதிரி திருகு வரிகள் விழும். அந்த வரிகள் ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்புத்தாளால் தேய்த்துப் போகாது.

ஆதி ஸ்டெடி மனிதனுடைய இடது கை. உளியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மற்ற விரல்களைக் கம்பின் முதுகுப்பக்கம் கொடுத்துத் தாங்குவது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விரலில் ஏறும் சூடு சொல்லிவிடும். இதைவிட நல்ல மானி ஒன்றை இன்னும் யாரும் செய்யவில்லை. ஆனால் சிராய் ஏறும், விரல் மாட்டும், நடுங்காத கையும் வேண்டும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே கயிற்றைப் பின்னி அந்தப் பின்னலுக்குள் கம்பை ஓட விடுவது ஒரு முறை. தூணோடு கட்டிய மத்துக்கு இது நேர் வாரிசு. இன்னொன்று எனக்கு ரொம்பவும் பிடித்தது: கம்புக்குப் பின்னால் 'வி' வெட்டு வெட்டிய ஒரு மரத்துண்டு, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆப்பு. கம்பு இளைக்க இளைக்க ஆப்பு தன் கனத்தாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி இடைவெளியை மூடிக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை. புவியீர்ப்பை வேலைக்கு வைத்துக்கொண்ட சாமர்த்தியம்.

கடைசலைப் பற்றி முதல்முதலில் விரிவாக ஒரு புத்தகம் எழுதியவர் சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. 1701இல் லியோனில் வெளியாயிற்று. ஒரே பக்கத்தில் லத்தீனும் பிரெஞ்சும். மனிதர் தாவரவியல்காரரும்கூட. நம் கோயில்களிலும் மயானங்களிலும் நிற்கும் ஈழத்தலரிக்குத் தாவரவியலில் ப்ளூமேரியா என்று பெயர், இவர் நினைவாக. அந்த மரத்தின் கிளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இவ்வளவு உருண்டையாக இருப்பதைக் கடைவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். சமையலறை அலமாரிக்கு வாங்கி மிச்சமான 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் இரண்டு துண்டுகளை ஃபெவிகால் போட்டு ஒட்டி, நடுவில் ஐந்து அங்குல வட்டம் அறுத்தேன். வட்டத்தின் மையம் இயந்திரத்தின் மையத்தோடு சேர வேண்டும். என்னுடையதில் அது பெட்டிலிருந்து ஐந்து அங்குல உயரம். அடியில் பெட்டின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சிக்கென்று உட்காரும் கட்டை, அதன் கீழே ஒரு தகடு, ஒரு போல்ட். வளையத்தை இரண்டாக அறுத்துக் கீல் வைப்பவர்கள் உண்டு. எனக்கு அவசியப்படவில்லை, கம்பை வளையத்துக்குள் நுழைத்த பிறகுதான் முனைகளில் ஏற்றுகிறேன். வளையத்தின்மேல் மூன்று மரக் கைகள், முன்பின் நகரும்படி காடி வெட்டியவை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு 608 பேரிங்: எட்டு மில்லி துளை, வெளிவிட்டம் இருபத்திரண்டு. குழந்தைகளின் ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் இருப்பது இதுதான். சக்கரத்தோடு அப்படியே போடலாம். வெறும் பேரிங் மரத்தில் பளபளவென்று ஒரு கோடு போடும், சக்கரம் அதைக் குறைக்கும். நான் வெறும் பேரிங்கோடு நிறுத்திக்கொண்டேன், கம்பு எப்படியும் துணிக்குள் மறைகிறது.

மூன்று கைகளையும் சமமாக 120 டிகிரியில் வைப்பது பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் உளி மரத்தைத் தள்ளுவது பின்பக்கமும் மேல்பக்கமுமாக. மரம் அழகுக்காக எல்லாத் திசையிலும் சமமாக ஓடுவதில்லை. ஆகவே இரண்டு பேரிங்குகளைக் கம்பின் பின்னால் வைத்தேன், ஒன்று மையத்துக்கு மேலே, ஒன்று கீழே. மூன்றாவது முன்னால், அடியில், டூல் ரெஸ்ட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல். கம்பு துள்ளாமல் பார்த்துக்கொள்ள மட்டும். இறுக்கத்துக்கு ஒரு சோதனை: இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பைக் கையால் சுற்ற வேண்டும். மூன்று பேரிங்கும் கூடவே சுற்ற வேண்டும். ஆனால் எந்த ஒன்றையும் விரலால் லேசாகத் தொட்டு நிறுத்த முடிய வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் இறுக்கம் அதிகம். அந்த இறுக்கத்தில் கம்பு மையத்தை விட்டு விலகி வளைந்திருக்கும், அந்த வளைவிலேயே நாம் அதை வட்டமாகக் கடைந்து முடிப்போம். கழற்றிய பிறகு கம்பு தன் சுபாவத்துக்குத் திரும்பும்போதுதான் கோணல் தெரியும்.

இந்த இடத்தில்தான் அப்பா வருகிறார். திருச்சி பொன்மலையில் டர்னராக முப்பத்தைந்து வருஷம் இரும்பு கடைந்தவர். மரம் கடைவதை அவர் ஒரு தொழிலாகவே மதிப்பதில்லை, நான் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்ததையும், இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதுவதையும் அதே வரிசையில் வைத்திருக்கிறார் என்பது என் அனுமானம். அவர் சொன்னதில்லை. அம்மா போன பிறகு எங்களுக்குள் பேச்சு என்பது மாத்திரை, பால், மின்கட்டணம். கண் அழுத்த நோயால் பார்வையின் பக்கங்கள் முதலில் போய், நடுவில் ஒரு சின்னத் துவாரம் மட்டும் மிச்சமிருக்கிறது. காது நன்றாக இருக்கிறது. பின்கட்டில் நான் ஓட்டுவது அவருக்குக் கூடத்தில் கேட்கும்.

"என்னடா அது, கத்துது?"

"ஸ்டெடி செஞ்சிருக்கேன்ப்பா. பேரிங் போட்டு."

"மரத்துக்கு ஸ்டெடியா?" கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "ஜாப் உருண்டையா இருக்கா, சதுரமா இருக்கா?"

"பிளந்த கட்டைப்பா. இன்னும் உருண்டையாகல்ல."

"உருண்டையாகாத ஜாப் மேல ஸ்டெடியை வச்சா எப்படிடா நிக்கும்? அது தட்டத்தானே செய்யும்."

இதுதான் ஸ்டெடியின் மூலச்சிக்கல். ஸ்டெடி உட்கார நடுவில் வட்டமான ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வட்டமாகக் கடைய ஸ்டெடி வேண்டும். மரக்காரர்கள் இதற்குச் சொல்லும் வழி, கட்டை தடிமனாக, விறைப்பாக இருக்கும்போதே நடுவில் இரண்டு அங்குலத்தை மட்டும் மெதுவாக வட்டமாக்கிக்கொள்வது. கடைசியில் அந்த இடத்தையும் குறைக்க வேண்டிவரும், அதற்கு ஸ்டெடியைத் தள்ளி வைக்க வேண்டும். அப்பா சொன்னது இரும்புக்காரர்களின் வழி. கேட் ஹெட். பூனைத்தலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு குழாய்த் துண்டு. வெளிப்பக்கம் சுத்தமான வட்டம். ஒவ்வொரு ஓரத்திலும் சுற்றிலும் திருகுகள். அதைக் கோணல்மாணலான ஜாப் மேல் மாட்டி, திருகுகளைத் தளர்த்தியும் இறுக்கியும், உள்ளே ஜாப் எப்படி இருந்தாலும் வெளியே குழாய் ஆட்டமில்லாமல் சுழலும்படி செய்துவிட வேண்டும். ஸ்டெடி குழாய்மேல் ஓடும். மரத்தைத் தொடவே தொடாது.

ஜி.ஐ. பைப்பில் மூன்றங்குலத் துண்டு வெட்டி, ஒவ்வொரு ஓரத்திலும் நாலு துளை போட்டு, மரை வெட்டி, தலையில்லாத கிரப் ஸ்குரூ போட்டு வாங்கி வந்தேன். தலையுள்ள திருகு சுழலும்போது விரலைக் கொண்டுபோய்விடும் என்பதையும் அவரேதான் சொன்னார். கம்பில் மாட்டி ஏற்றினேன். ஆட்டம் எங்கே என்று பார்க்க ஒரு சாக்குத்துண்டைக் கிட்டே கொண்டுபோனால் மேடான இடத்தில் கோடு விழும். எனக்குத் தெரிந்த முறை அது. அப்பா எழுந்து வந்து ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டியா? கையால சுத்து."

கட்டைவிரல் நகத்தை டூல் ரெஸ்ட்டின் மேல் ஊன்றி, நுனி குழாயில் படும் படாமல் வைத்துக்கொண்டார். நான் ஹெட் ஸ்டாக்கின் சக்கரத்தைச் சுற்றினேன். "இங்க மேடு." சுற்று. "இங்க இல்ல, கொஞ்சம் முன்னால." நான் இந்தப் பக்கத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்குவேன். மறுபடி சுற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பேச்சு என்று பார்த்தால் மேடு, பள்ளம், போதும், இல்லை. நான் போதும் என்று நினைத்த இடத்தில் அவர் நகம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பழைய தலைமுடியளவு இருக்கும். "இரும்புன்னா இன்னும் பாதி குறைக்கணும்," என்று எழுந்துபோனார்.

எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் (வாசகர்களுக்கு அவரைத் தெரியும், பெயர் வேண்டாம்) ஒரு ஞாயிறன்று வந்து இந்த ஏற்பாட்டையெல்லாம் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "யாப்புதான்யா இது. மெலிந்த வரி உடையாமல் இருக்க நடுவில் ஒரு பிடி." அவர் எதைப் பார்த்தாலும் யாப்பு என்பார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. யாப்பு கடைசலில் எதற்காவது சமானம் என்றால் அச்சுத்தகடு வைத்து நகல் கடைகிற சாதனத்துக்குத்தான். அது உளி எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறது. ஸ்டெடிக்கு உளியோடு எந்த சம்பந்தமும் கிடையாது. கம்பில் மணி கடையலாம், குடம் கடையலாம், ஒன்றுமே கடையாமல் வழவழவென்று விட்டுவிடலாம். ஸ்டெடிக்கு அபிப்பிராயம் இல்லை.

டேவிட் பை என்ற ஆங்கிலேயர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர், தாமே மரம் கடைந்தவர், 1968இல் வேலைத்திறனைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். கைவேலை, இயந்திரவேலை என்ற பிரிவினையே அர்த்தமற்றது என்பது அவர் கட்சி. இடரில் நடக்கும் வேலை, நிச்சயத்தில் நடக்கும் வேலை என்று இரண்டுதான் உண்டு. பேனாவால் எழுதுவது முதல் வகை. ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகலாம். அச்சடிப்பது இரண்டாவது வகை. ஓடத் தொடங்குமுன்பே முடிவு தீர்மானமாகிவிட்டது. இடரில் வேலை செய்கிற யாரும் இடரைக் குறைக்க எதையாவது செய்துகொண்டேதான் இருப்பார்கள் என்பதையும் அவர் மறக்கவில்லை. வில் கடைசல்காரனின் கால் விரல்கள் அப்படித்தான். ஆனால் குறைப்பதிலும் ஒரு பேதம் இருப்பதாக எனக்குப் படுகிறது. டூல் ரெஸ்ட்டும் அச்சுத்தகடும் கருவியின் பக்கம் நின்று இடரைக் குறைக்கின்றன. ஸ்டெடி எதிர்ப்பக்கம், மரத்தின் பக்கம் நிற்கிறது. கையின் சுதந்திரத்தில் ஒரு நூலளவுகூட அது எடுத்துக்கொள்வதில்லை. கை நடுங்கினால் நடுங்கியது நடுங்கியபடி மரத்தில் விழும்.

நண்பர் விடவில்லை. "அப்படியானால் விமர்சகன்," என்றார். எதிரே நின்று தாங்குகிறவன், தான் கடையாதவன், இத்யாதி. கேட்க இதமாகத்தான் இருந்தது. எனக்கும் அந்தத் தொழில் என்பதால் இந்த இதத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பத்து வருஷமாக நாம் படிக்கிற விமர்சனத்தில் ஸ்டெடியைவிடக் கேட் ஹெட்தான் அதிகம் என்று சொன்னேன். படைப்பின்மேல் வெளியிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து மாட்டுகிறோம். அமைப்பியல், மார்க்சியம், மரபு, எந்தக் குழாயானாலும் சரி. நாலு பக்கமும் திருகி அது ஆடாமல் சுழலும்படி செய்துவிடுகிறோம். பிறகு குழாயைத் தொட்டுப் பார்த்து, என்ன வட்டம் என்கிறோம். உள்ளே மரம் இன்னும் சதுரமாக இருக்கிறது. டர்னர் இதைச் செய்வதில் பிசகு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவன் குழாயை மாட்டுவது மற்ற இருபது அங்குலத்தைக் கடைவதற்கு. வேலை முடிந்ததும் கழற்றி எடுத்து வைத்துவிடுகிறான். நண்பர் காப்பியைக் குடித்துவிட்டு, இதையே எழுதிவிடேன் என்று போனார். எழுதியாயிற்று.

கம்பு பழைய ஜன்னல் சட்டத்துத் தேக்கு. தேக்கில் மணல்சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். இரண்டு கம்புகளுக்குள் நாலு முறை தீட்டினேன். முதலில் இடது பாதி, பிறகு வலது பாதி. குழாய் இருந்த நடுப்பகுதியைக் கடைசியில் கடைய, ஸ்டெடியை ஏற்கெனவே கடைந்து முடித்த ஓரிடத்துக்கு நகர்த்தி, பேரிங்குகளை நேராக மரத்தின்மேலேயே ஓட விட்டேன். அப்போது சத்தம் மாறியது. கூடத்திலிருந்து குரல் வந்தது, "பின்னால மேல் கை லூசாயிருக்கு, பாரு." நிறுத்திப் பார்த்தேன். காடியில் நட்டு தளர்ந்திருந்தது. மூன்று கைகளில் எது என்பது சத்தத்தில் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "தட்டுறது கீழயா மேலயான்னு கேக்காதா?" என்றார், அது எல்லோருக்கும் கேட்கிற விஷயம்போல.

கிரப் ஸ்குரூ பதிந்த எட்டுக் குழிகளும் ஒன்றரை அங்குலத் தடிமனில் விழுந்தவை, ஒரு அங்குலத்துக்கு வருமுன்பே சீவலோடு போய்விட்டன. பேரிங் போட்ட பளபளப்புக் கோடு மட்டும் நின்றது. அதை உப்புத்தாளில் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "துணிக்குள்ளதானே போகுது," என்றவர், கம்பை வாங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை ஓட்டினார். கோடு இருந்த இடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு துணியைக் கொண்டா என்றார்.

ஸ்டெடியின் படம் ஒன்று, அளவுகளோடு வரைந்து இதோடு அனுப்பியிருந்தேன். பக்கமில்லை என்கிறார் ஆசிரியர். நெடுங்கவிதை ஒன்று எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்டதாம். வேண்டுபவர்கள் இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன். தங்கள் இயந்திரத்தில் பெட்டிலிருந்து மையம் எவ்வளவு உயரம் என்பதைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.